பாகங்கள் பல, அமைப்பு ஒன்று



சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சந்தாபுராவில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, சித்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, இன்று மேஸ்திரியாக இருப்பவர் அவர்.

"சார், பொண்ணு பி.இ. முடிச்சு எலக்ட்ரானிக் சிட்டியில வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. 'சிஸ்டம்ஸ் இன்டகிரேஷன்'னு சொல்லுது. எந்தப் பொருளம்மா செய்யறேன்னு கேட்டா, 'நான் எதையும் செய்யலப்பா, மத்தவங்க செஞ்சதைச் சேர்க்கிறேன்'னு சொல்லுது. சேர்க்கறதுக்கு ஒரு சம்பளமா? இந்த வேலை நிலைக்குமா? இல்ல, விட்டுட்டு பாங்க் பரீட்சை எழுதச் சொல்லட்டுமா?"

அன்று அவருக்கு அவசரத்தில் ஏதோ பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதே கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் என்று தோன்றியது. பிள்ளைகள் செய்யும் வேலையின் பெயரே பெற்றோருக்குப் புரியவில்லை என்றால், அவர்களுக்கு எப்படி யோசனை சொல்வது? ஆகவே இந்தப் பாடம். பொறியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வீடு கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரியும்.

1. அமைப்பு என்றால் என்ன?

சிஸ்டம் என்பதைத் தமிழில் அமைப்பு என்போம். பல பாகங்கள் சேர்ந்து, எந்தத் தனிப் பாகத்தாலும் செய்ய முடியாத ஒரு காரியத்தைச் செய்தால், அது ஓர் அமைப்பு. செங்கல்லில் குடியிருக்க முடியாது. குழாயிலும் குடியிருக்க முடியாது. இரண்டும் இன்னும் பலவும் முறையாகச் சேர்ந்தால்தான் வீடு. லாரியில் வந்து இறங்கிய சாமான் எல்லாம் மனையில் குவிந்து கிடந்தால் அது வீடாகிவிடாது அல்லவா? குவியலுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒருங்கிணைப்பு.

நம் வாசலில் இருக்கும் பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சந்தாபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பொம்மசந்திராவில் முடிகிறது நம்ம மெட்ரோவின் மஞ்சள் பாதை. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள், செலவு ஏறக்குறைய 7,160 கோடி ரூபாய். 2025 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரதமர் தொடங்கி வைத்தார். மறுநாள் முதல் பொதுமக்கள் பயணம் செய்தார்கள்.

ஓசூர் ரோட்டில் தினமும் பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தூண்கள் எழுந்துவிட்டன, நிலையங்கள் தெரிகின்றன, மேலே தண்டவாளமும் போட்டாயிற்று. ஆனால் ரயில் மட்டும் இல்லை. "எல்லாம் ரெடியாத்தானே இருக்கு, ஏன் விட மாட்டேங்கறாங்க?" என்று சில்க் போர்டு நெரிசலில் நின்றபடி கேட்காதவர் யார்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடத்தின் உள்ளடக்கம்.

2. கட்டமைப்பு: முதலில் பிரிக்க வேண்டும்

பெரிய காரியத்தை ஒருவரே செய்ய முடியாது. பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது, பிரித்த பாகங்கள் ஒன்றுக்கொன்று எப்படி உறவாடும் என்று முதலிலேயே முடிவு செய்வதற்குக் கட்டமைப்பு என்று பெயர். கம்ப்யூட்டர் துறையினர் ஆர்க்கிடெக்சர் என்று சொல்வதும் இதைத்தான். வீட்டுக்குப் பிளான் போல.

மெட்ரோவைப் பிரித்துப் பார்ப்போம். (அ) தூண், பாலம், நிலையக் கட்டிடம், (ஆ) தண்டவாளம், (இ) மின்சாரம், (ஈ) ரயில் பெட்டி, (உ) சிக்னல், (ஊ) தகவல் தொடர்பு, (எ) டிக்கெட் வசூல், (ஏ) ரயில்களைப் பராமரிக்கும் டிப்போ. ஆக எட்டுத் துணை அமைப்புகள். இவற்றை ஒரே கம்பெனி செய்வதில்லை. மஞ்சள் பாதையில் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. நிறுவனத்திடம் போனது, பெரும்பாலான பெட்டிகளை அதன் கூட்டாளியான டிட்டாகர் நிறுவனம் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்கிறது. சிக்னல் ஏற்பாடு சீமென்ஸ் பொறுப்பில். தூணும் நிலையமும் வேறு ஒப்பந்தக்காரர்கள்.

கட்டமைப்பு முடிவுகளை முதலிலேயே எடுக்க வேண்டியது ஏன்? பின்னால் மாற்ற முடியாது என்பதால். நம்ம மெட்ரோவில் மின்சாரம் மேலே செல்லும் கம்பியில் வருவதில்லை. தண்டவாளத்தின் பக்கத்திலேயே ஓடும் மூன்றாவது தண்டில், 750 வோல்ட் நேர் மின்சாரமாக வருகிறது. இது ஒரு வரி முடிவு. ஆனால் பெட்டியின் அடிப்பாகம், துணை மின்நிலையம், தண்டவாளப் பணியாளரின் பாதுகாப்பு விதி எல்லாவற்றையும் அது கட்டிப்போடுகிறது. பாதி வேலை ஆனபின் "மேல் கம்பி வைத்துக்கொள்ளலாமே" என்று சொன்னால், அஸ்திவாரம் போட்ட பிறகு சமையலறையை எதிர்ப் பக்கம் மாற்றச் சொன்ன கதைதான்.

3. இணைப்புப் புள்ளி: தகராறு பிறக்கும் இடம்

இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடத்தை இணைப்புப் புள்ளி என்போம். பிள்ளைகள் இன்டர்ஃபேஸ் என்பார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 30-க்கு 40 மனையில் வீடு கட்டினேன். கொத்தனார் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டினார்; நல்ல உறுதியான மேடை. பிளம்பர் பைப் போட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சோலார் ஹீட்டர் கடைக்காரர் வந்து பொருத்தினார், அதிலும் குறையில்லை. ஆனால் ஹீட்டரில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் இல்லாத சோலார் ஹீட்டருக்குக் குளிர்நீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். என் மேடை தாழ்வு. கொத்தனாரிடம் உயரம் இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மேடையை இடித்துத் திரும்பக் கட்டினோம். மூவரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நடுவில் இருந்த இடைவெளி யாருடைய வேலையும் அல்ல. அங்கேதான் என் பணம் போயிற்று.

இது நம் மொட்டை மாடியில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு ஒரு விண்கலம் அனுப்பியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்று பெயர். கலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் புரோகிராம் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. கலத்துக்கு வழி காட்டியவர்களின் புரோகிராம் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். இந்த வித்தியாசத்தால் 1999 செப்டம்பர் 23-ம் தேதி கலம் செவ்வாயை வேண்டியதைவிட மிக அருகில் நெருங்கி, காணாமலே போய்விட்டது. இரண்டு புரோகிராமும் தனித்தனியே ஓடிக்கொண்டுதான் இருந்தன. கெட்டது இணைப்புப் புள்ளி.

இத்தகைய புள்ளிகள் எத்தனை இருக்கும்? எளிய கணக்கு ஒன்று உண்டு. பாகங்களின் எண்ணிக்கையை, அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். மூன்று பாகம் என்றால் 3 × 2 ÷ 2 = 3 ஜோடிகள். நம் மெட்ரோவின் எட்டுப் பாகங்களுக்கு 8 × 7 ÷ 2 = 28. பத்து பாகமானால் 45. பாகம் இரட்டிப்பானால் ஜோடிகள் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றன. நல்ல கட்டமைப்பு என்பது எல்லோரும் எல்லோரோடும் ஒட்டிக்கொள்ளாமல், தேவையான ஜோடிகளை மட்டும் வைத்து மற்றதை விலக்குவது.

ரயில் கதவு திறப்பதையே பாருங்கள். நமக்கு அது ஒரு நொடிக் காரியம். ரயில் முழுதும் நின்றுவிட்டதா, சரியான இடத்தில் நின்றதா, பிளாட்பாரம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உறுதியான பிறகே கதவு திறக்க வேண்டும். கதவு பெட்டிக்காரருடையது, நின்ற இடத்தை அறிவது சிக்னல்காரருடையது. இருவரும் என்ன செய்தியை, எந்த வடிவில், எவ்வளவு நேரத்துக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு இணைப்பு ஆவணம் என்று பெயர். வாய்ப்பேச்சு உதவாது. என் கொத்தனாரிடம் ஒரு துண்டுச் சீட்டில் மேடை உயரத்தை எழுதிக் கொடுத்திருந்தால், அதுவும் ஓர் இணைப்பு ஆவணம்தான்.

4. சேர்ப்பதும் சோதிப்பதும்

ஆங்கில 'வி' எழுத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். இடக் கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது: என்ன வேண்டும், கட்டமைப்பு என்ன, ஒவ்வொரு பாகத்தின் விவரம் என்ன என்று படிப்படியாகப் பிரிக்கிறோம். கீழ் முனையில் பாகங்களைச் செய்கிறோம். வலக் கோடு மேலே ஏறுகிறது: ஒரு பாகத்தைச் சோதிக்கிறோம், இரண்டைச் சேர்த்துச் சோதிக்கிறோம், முழு அமைப்பைச் சோதிக்கிறோம், கடைசியில் கேட்டவரிடம் ஒப்படைக்கிறோம். இடப்பக்கம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் ஒரு சோதனை இருக்க வேண்டும். எழுதாததைச் சோதிக்க முடியாது. சோதிக்காததை நம்ப முடியாது.

எல்லாவற்றையும் கடைசி நாளில் ஒன்றாகச் சேர்த்து ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. தப்பு வந்தால் எங்கே என்று தெரியாது. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு படியிலும் சோதிப்பது இன்னொரு வழி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப்பில் தண்ணீரை அழுத்தமாக ஏற்றி ஒழுகல் பார்க்கும் பிளம்பர் இரண்டாவது வழிக்காரர். ஒட்டிய பின் ஒழுகினால் டைல்ஸையும் உடைக்க வேண்டுமே!

மஞ்சள் பாதைக்கு முதல் ரயில் சீனாவிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து, அங்கிருந்து சாலை வழியாக 2024 பிப்ரவரியில் ஹெப்பகோடி டிப்போவை அடைந்தது. திறப்பு விழா 2025 ஆகஸ்டில். இடையில் பதினெட்டு மாதம். இந்தப் பாதைக்குத் தேர்ந்தெடுத்த சிக்னல் முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். எதுவரை போகலாம் என்ற அனுமதியைக் கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய வகை அது. அப்படிப்பட்ட ரயிலை நின்ற நிலையில் சோதித்து, மெதுவாக ஓட்டி, வேகமாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்து, சிக்னலோடு சேர்த்துச் சோதித்து, கடைசியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் 2025 ஜூலையில் பாதையைப் பரிசோதித்த பிறகே அனுமதி கிடைத்தது. நமக்குச் சும்மா கிடந்ததுபோலத் தெரிந்த பாதையில் இந்த 'வி'யின் வலக் கோட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

5. திட்டம்: எது முதலில், யார் பொறுப்பு?

அப்படியானால் தாமதத்துக்குச் சோதனை மட்டும்தான் காரணமா? இல்லை. இங்கே நீள்வழி என்ற கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு திட்டத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்ற வேலைகளின் சங்கிலிகள் பல இருக்கும். அவற்றில் மிக நீளமான சங்கிலி எதுவோ, அதுதான் திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும். 1950-களின் கடைசியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் கடற்படையிலும் உருவான கணக்கு இது.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரம் 20 நாள், சுவரும் கூரையும் 60, பைப்பும் வயரிங்கும் 15, பூச்சு 20, தரை 15, கதவு ஜன்னல் மாட்டுவது 5, பெயின்ட் 15. மொத்தம் 150 நாள். கதவு ஜன்னல் செய்ய ஆசாரிக்கு 60 நாள் வேண்டும் என்று வைப்போம். பூச்சு முடிந்த பிறகு, அதாவது 115-ம் நாள் ஆர்டர் கொடுத்தால், கதவு 175-ம் நாள்தான் வரும். தரை 130-ம் நாளே முடிந்து, 45 நாள் வீடு சும்மா நிற்கும். கடைசியில் 195-ம் நாள் முடியும். அதே ஆர்டரை 70-ம் நாளுக்குள் கொடுத்திருந்தால் 150 நாளில் கிரகப்பிரவேசம். சும்மா நின்ற 45 நாளில் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. தாமதம் அவர் சங்கிலியில் இல்லை.

மெட்ரோவின் 'கதவு ஜன்னல்' பெட்டிகள். இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது 2014-ல். 216 பெட்டிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2019 டிசம்பரில். அடுத்த சில மாதங்களில் கொரோனா. அதன்பின் சீன நிறுவனங்களின் முதலீட்டுக்கு 2020-ல் வந்த கட்டுப்பாடுகள். உள்நாட்டுக் கூட்டாளியைத் தேடிய காலம். உத்தர்பாராவில் செய்த முதல் ரயில் புறப்பட்டது 2025 ஜனவரியில். ஆகவே நீள்வழி கான்கிரீட்டில் இல்லை, பெட்டியில் இருந்தது. கீழே சாலையிலிருந்து பார்த்த நமக்குக் கான்கிரீட் மட்டுமே தெரிந்ததால், எல்லாம் ரெடி என்று நினைத்தோம்.

திறந்த நாளில் 3 ரயில்கள்தான் இருந்தன. 25 நிமிடத்துக்கு ஒன்று. 3-ஐ 25-ஆல் பெருக்கினால் 75. அதாவது ஒரு ரயில் போய்த் திரும்பி மறுபடி புறப்பட ஏறக்குறைய 75 நிமிடம். 4 ரயில் இருந்தால் 75 ÷ 4, சுமார் 19 நிமிடம். 5 இருந்தால் 15 நிமிடம். 2025 செப்டம்பரில் நான்காவது ரயில் சேர்ந்தபோது 19 நிமிடமாகவும், நவம்பரில் ஐந்தாவது சேர்ந்தபோது 15 நிமிடமாகவும் இடைவெளி குறைந்தது இந்தக் கணக்குப்படியேதான்.

இனி, ஆட்களை எப்படி அமைப்பது? மூன்று முறைகள் உண்டு. எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஒரு தலைவர், பிளம்பர் எல்லோரும் ஒரு தலைவர் என்று தொழில்வாரியாகப் பிரிப்பது ஒன்று. தொழில் திறமை வளரும், ஆனால் இந்த வீடு எப்போது முடியும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர், எல்லாத் தொழிலாளரும் அவரிடம் என்பது இரண்டாவது. வீடு முடியும், ஆனால் வேலை இல்லாத நாளிலும் ஆளை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, இரண்டும் கலந்தது. ஒருவருக்கு இரு தலைவர்கள். இன்றைய பெரிய கம்பெனிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். "யார் சொல்வதைக் கேட்பது?" என்ற குழப்பமும் அங்கேதான் அதிகம்.

1968-ல் மெல்வின் கான்வே என்ற கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அந்த அமைப்பேதான் அவர்கள் உருவாக்கும் பொருளிலும் வரும். பேசிக்கொள்ளாத இரு பிரிவுகள் செய்த பாகங்களும் பேசிக்கொள்ளாது. என் மாடித் தொட்டியும் ஹீட்டரும் போல.

ஆகவே எந்தப் பாகமும் தன்னுடையதல்ல, ஆனால் இடைவெளி எல்லாம் தன் பொறுப்பு என்று நிற்கும் ஒருவர் வேண்டும். அவர்தான் ஒருங்கிணைப்பாளர்.

6. நண்பருக்குச் சொன்னது

மறுமுறை நண்பரைச் சந்தித்தபோது இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் இப்போது கரணையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆச்சு?" அவர் யோசித்து, "பத்து வருஷம் இருக்கும் சார். இப்ப கைவேலை இல்ல. பிளம்பர் எப்ப வரணும், கம்பி எப்ப இறங்கணும், எந்தச் சுவத்துல பைப்பு வருதுன்னு பாத்துக்கறேன்" என்றார். "அதைத்தான் உங்கள் மகள் செய்கிறாள்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அதுக்கும் என்னை மாதிரியே ரெண்டு பக்கமும் திட்டு விழுமே சார்?" என்று கேட்டார். விழும். அதை மறைக்க விரும்பவில்லை. வேலை நிலைக்குமா என்ற கேள்விக்கும் உத்தரவாதம் தர யாராலும் முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். பாகங்களைச் செய்ய இயந்திரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாகங்கள் பெருகப் பெருக இணைப்புப் புள்ளிகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன என்று மேலே கணக்குப் போட்டோம். அந்த இடத்தில் நின்று இரு தரப்பையும் பேச வைத்து, பேசியதை எழுதி வைத்து, எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் ஆளுக்குத் தேவை குறைய வழியில்லை. பாங்க் பரீட்சை பற்றி அன்று நாங்கள் பேசவில்லை. அன்றிரவு மகளிடம் அவர் வேறொரு கேள்வி கேட்டதாகப் பின்னால் தெரிந்தது: "உங்க வேலையில சுவரு எது, பைப்பு எது? வரைஞ்சு காட்டு."

பயிற்சி (பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்ய)

1. ஒரு விழாவை ஆறு குழுக்கள் நடத்துகின்றன. எத்தனை ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்? ஒரே ஒருங்கிணைப்பாளரை நடுவில் வைத்து, எல்லோரும் அவரோடு மட்டும் பேசினால் எத்தனை?

2. மேலே சொன்ன வீட்டுக் கணக்கில் ஆசாரிக்கு 80 நாள் வேண்டுமென்றால், 150 நாளில் வீடு முடிய எத்தனையாவது நாளுக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும்?

3. மஞ்சள் பாதையில் 15 ரயில்களும் ஒரே நேரத்தில் ஓடினால் இடைவெளி எவ்வளவு?

4. உங்கள் வீட்டிலோ வேலையிலோ, எல்லோரும் சரியாகச் செய்தும் காரியம் கெட்ட ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். கெட்ட இணைப்புப் புள்ளி எது? அதற்கு ஒரு துண்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

விடைகள்: (1) 15, ஒருங்கிணைப்பாளர் இருந்தால் 6. (2) 50-ம் நாள். (3) 5 நிமிடம். (4) இதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. எழுதிக் கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.